1955 செவர்லே கேசர்: துள்ளலுக்குக் காரணம் சக்கரம் அல்ல

அறுபதுகளின் கேசர் (gasser: முன்பக்கம் உயர்த்திய நேர்கோட்டுப் பந்தயக் கார்) பாணியில் கட்டிய உங்கள் 1955 செவர்லே கிளம்பும்போது பின்பக்கம் துள்ளுகிறது, எந்தச் சக்கரம் மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சக்கரத்தை மாற்றினால் துள்ளல் நிற்காது. கிளட்சை விட்டதும் பின் அச்சுக்கூடு தன்னைத்தானே திருப்பிக்கொள்ளப் பார்க்கிறது. லீஃப் ஸ்பிரிங் (அச்சைத் தாங்கும் பட்டை வில்) நெளிந்து, உடனே உதறி நிமிர்கிறது. அந்த உதறல்தான் டயரைத் தரையிலிருந்து தூக்குகிறது. ஆகவே முதல் செலவு, அச்சுக்கூடு திரும்பாமல் தடுக்கும் டிராக்‌ஷன் பாருக்கு. தேய்ந்த ஷாக் அப்சார்பரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

டயரில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பின்னால் பயஸ் பிளை (உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிடும் வகை) ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) என்றால் முன்னாலும் பயஸ் பிளைதான். இன்றைய கார்களில் வழக்கமான ரேடியல் டயரைக் கலந்தால் ஓட்டத்தின் முடிவில் வண்டி அலைபாயும். காற்றழுத்தத்துக்குத் தரையில் பதியும் கறுப்புத் தடத்தைப் பாருங்கள். நடுவில் மட்டும் அடர்ந்திருந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் என்றால் குறைவு. டயருக்கும் ரிம்முக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஓடி வந்தபின் கோடு விலகியிருந்தால் ரிம்மில் டயர் வழுக்குகிறது, டயரை ரிம்மோடு பிடித்துவைக்கும் ரிம் திருகுகள் தேவை.

பழைய மெக்னீசியம் சக்கரங்கள் கண்ணைப் பறிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரிசல் சோதனை செய்யாமல் பூட்ட வேண்டாம். அதே தோற்றத்தில் புதிய அலுமினியச் சக்கரம் கிடைக்கிறது.