டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது. வேகம் ஏன் 100-ஐத் தாண்டவில்லை?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீடு. கீழே ஹாலில் ஃபைபர் ரவுட்டர் இருக்கிறது. மேல்மாடி அறைக்கு 25 மீட்டர் அளவில் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, முனைகளில் ஆர்ஜே45 தலைகளை (பிளக்) நானே அடித்தேன். வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம் என்று இரண்டு முனையிலும் ஒரே வரிசை. டெஸ்டரில் 1 முதல் 8 வரை ஒழுங்காக எரிகிறது. ஆனால் கணினி 100 எம்பிபிஎஸ் என்றே காட்டுகிறது, அடிக்கடி அறுந்தும் போகிறது. கேபிளை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்குக் கேபிளை மாற்ற வேண்டாம். உங்கள் நிற வரிசைதான் பிழை. "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சரி" என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

எட்டு வயரும் நான்கு சோடிகள். ஒவ்வொரு சோடியும் தனக்குள் முறுக்கியிருக்கும். சிக்னல் ஒரு சோடியின் இரு வயரிலும் எதிரெதிராக ஓடும். முறுக்கு இருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாகப் பட்டு, மறுமுனையில் கழிந்துவிடும். தலையில் 1-2, 4-5, 7-8 பக்கத்துப் பக்கத்துச் சோடிகள். ஆனால் 3-க்குச் சோடி 6. நீங்கள் அடித்ததில் 3-இல் வெள்ளை-பச்சை, 6-இல் நீலம். ஒன்றோடொன்று முறுக்காத இரு வயர்கள் ஒரு சிக்னலைச் சுமக்கின்றன. அது பக்கத்து வயர்களுக்கும் கசிகிறது. 4, 5-க்கும் இதே கதிதான். மலிவான டெஸ்டர், வயர் முனைக்கு முனை தொடுகிறதா என்று மட்டுமே பார்க்கும், சோடி பிரிந்ததை அது காட்டாது. கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நான்கு சோடியும் சுத்தமாக வேண்டும். இல்லாவிட்டால் கருவிகள் 100-க்கு இறங்கிவிடும்.

இரண்டு தலையையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். கிளிப் கீழே, பித்தளை நிறப் பற்கள் மேலே, வயர் நுழையும் வாய் உங்கள் பக்கம் என்று பிடித்தால் இடது கோடி 1. அங்கிருந்து: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இதுதான் டி568பி என்ற தர நிற வரிசை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம். வயர் நுனிகள் தலையின் முன்சுவரைத் தொடுவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கூடாகத் தெரியவேண்டும். வெளியுறையும் தலைக்குள் போய், கிரிம்ப் செய்யும்போது (கருவியால் நெரித்துப் பொருத்தும்போது) பிடிபடவேண்டும். உறை வெளியே நின்றால் இழுபடும் ஒவ்வொரு முறையும் பற்களில் தொடுகை தளரும். உங்களுக்கு இடையிடையே அறுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வாங்கும்போது கேட் 6 ஒற்றைக்கம்பிக்குரிய (ஒவ்வொரு வயருக்குள்ளும் ஒரே கம்பி உள்ள கேபிளுக்குரிய) தலையா என்று கேளுங்கள். கேட் 5இ தலைக்குள் கேட் 6-இன் தடித்த வயர் சில வேளை நுழையாது.

அதன் பின்னும் 100 என்றால், வெட்டி மிஞ்சிய துண்டில் ஒரு வயரைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். அப்போது தயங்காமல் மாற்றுங்கள். அது எளிதில் முறியும், மின்தடையும் அதிகம். சுத்தச் செம்பு உள்ளேயும் செம்பாகவே இருக்கும்.

உப்புக்காற்றுக்கு ஒரு யோசனை: சுவருக்குள் வரும் கேபிளில் நேரே தலை அடிப்பதைவிட, மூடியுள்ள சுவர்ப் பெட்டியில் கீஸ்டோன் ஜாக் (தலையைச் செருகும் துவாரம்) குத்தி, அங்கிருந்து கணினிக்கு ஆயத்தப் பாட்ச் கார்ட் (இரு முனையிலும் தலையோடு வரும் குட்டைக் கேபிள்) போடுவது நல்லது. துருப்பிடித்தால் மாற்றவேண்டியது கார்டையோ ஜாக்கையோ மட்டும்தான். ஜன்னலோரத்தைத் தவிருங்கள். வெளிச்சுவரில் போகும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள் தேவை. வீட்டுக்குள் போடும் உறை வெயிலில் நொறுங்கும். உள்ளே நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே வளைத்துவிட்டுப் பிறகு மேலே ஏற்றினால், மாரி மழைத் தண்ணீர் வளைவில் சொட்டி விழும், சுவருக்குள் வராது.

பின்வளவில் தனியாக நிற்கும் அறைக்கும் இணைப்புக் கொடுக்க எண்ணினால் செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். பக்கத்தில் இடி விழுந்தால் செம்பு வயர் வழியே வரும் மின்னழுத்தம் இரு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடலாம்.