உறைந்த மண் உருகுவதை எப்படி அளக்கிறார்கள்? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

திருவையாறு: பெர்மாஃப்ரோஸ்ட் என்றால் பனிக்கட்டிதானே சார்?

இல்லைங்க. மண்ணோ பாறையோ, தொடர்ந்து 2 வருடமாவது 0 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ கிடந்தால் அதுதான். உள்ளே பனிக்கட்டி நிறைய இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கும்பகோணம்: எல்லா நாட்டிலும் ஒரே முறையில்தான் அளக்கிறார்களா?

நல்ல கேள்வி. முக்கியமாக இரண்டு அளவுகள். ஒன்று, போர் (ஆழ்துளை) போட்டு அதற்குள் தெர்மிஸ்டர் எனும் வெப்பநிலை உணரிகளைக் கோத்த கேபிளை இறக்கி, ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை பார்ப்பது. ஒரு கட்டத்துக்குக் கீழே கோடை, குளிர் ஏற்ற இறக்கமே எட்டாது, அங்கே கிடைக்கும் எண்ணைத்தான் நம்பலாம். அப்படிப் பார்த்ததில் 2007 முதல் 2016 வரை உலகச் சராசரியாக சுமார் 0.3 டிகிரி ஏறியிருக்கிறது.

இன்னொன்று, கோடையில் இளகிக் குளிரில் மறுபடி உறையும் மேல்மண்ணின் ஆழம். இந்த ஆழத்தைப் பல நாடுகளில் அளக்க 1991-இல் தொடங்கிய 'கால்ம்' (CALM) திட்டத்தில் வழக்கமான முறை இது: 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரம், 10 மீட்டருக்கு ஒரு புள்ளி, மொத்தம் 121 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் இரும்புக் கம்பியைக் கெட்டித்தரை தட்டும்வரை குத்த வேண்டும். அதுவும் கோடை முடிவில், உருகல் அடிமட்டம் வரை போன பிறகு. ஜூலையில் குத்தியதை அடுத்த வருடம் செப்டம்பரில் குத்தியதோடு ஒப்பிட்டு 'ஐயோ கூடிவிட்டது' என்பவரை நம்பாதீர்கள். தேதி இல்லாத அளவு குப்பை.

நாகப்பட்டினம்: இது உருகினால் நாகை மூழ்குமா?

கடல்மட்டத்தில் இதன் பங்கு மிகச் சொற்பம். அந்தப் பயத்தை கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கவலை கரிமம்தான்: வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இந்த மண்ணில் முடங்கிக் கிடக்கிறது.

மன்னார்குடி: சாட்டிலைட் இருக்கும்போது கம்பி எதற்கு?

சாட்டிலைட்டுக்கு மண்ணுக்குள் எத்தனை டிகிரி என்று நேராகத் தெரியாது. தரை ஏறி இறங்குவதை ரேடார் காட்டும், மற்றது கணக்கு. அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஆழ்துளைதான் வேண்டும்.

வேதாரண்யம்: கடல்மட்டம் எவ்வளவு உயரும்?

நாகப்பட்டினத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மன்னார்குடி: விடமாட்டேன். கம்பி மட்டும் யோக்கியமா? கிணற்றுத் தண்ணீரை மேல்விளிம்பிலிருந்து அளக்கிறோம். விளிம்பே கீழே இறங்கினால்?

அப்படிக் கேளுங்கள்! பனிக்கட்டி மண்டிய மண் உருகினால் தண்ணீர் வடிந்து தரையே அமுங்கும். 60 சென்டிமீட்டர் இருந்த இடத்தில் கீழே இன்னும் 10 சென்டிமீட்டர் சுத்தப் பனி உருகி, தரையும் அதே 10 இறங்கியது என்று வையுங்கள். கம்பி மறுபடி 60 என்றே காட்டும், காகிதத்தில் மாற்றமே இல்லை. அதனால்தான் தரைமட்டத்தையும் சேர்த்து அளக்கச் சொல்கிறோம்.

கும்பகோணம்: எதை வைத்து அளப்பீர்கள்? நட்ட கம்பத்தையும் உறைபனி மேலே தூக்கிவிடுமே!

தூக்கும். மேலோட்டமாக நட்டால் கட்டாயம் தூக்கும். அதனால் உருகாத ஆழத்திலோ பாறையிலோ ஊன்றி, மேல்மண் பிடித்து இழுக்காதபடி உறை போட வேண்டும். துல்லிய ஜிபிஎஸ்ஸும் பயன்படும்.

மன்னார்குடி: அப்படியானால் 1991-லிருந்து எடுத்ததெல்லாம் வீண்!

அவசரப்படாதீர்கள். பனிக்கட்டி குறைவான நிலத்தில் அந்த எண்கள் அப்படியே நிற்கும். பனி மண்டிய இடத்தில் உருகலைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். வெப்பமானியிலும் இதே வம்பு உண்டு: 0 டிகிரியை நெருங்கியதும் வருகிற வெப்பமெல்லாம் பனியை உருக்குவதிலேயே செலவாகி, முள் வருடக்கணக்கில் அசையாமல் நிற்கலாம். எண் அசையவில்லை என்பதை உருகவில்லை என்று எழுதிவிடாதீர்கள். சென்சாரைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான், இந்த இடத்தில் 0.1 டிகிரி பெரிய விஷயம்.

திருத்துறைப்பூண்டி: நம் நெல் வயல் மீத்தேனும் இந்த மண் உருகினால் வரும் மீத்தேனும் ஒன்றா?

காற்றுப்புகாத சேற்றில் நுண்ணுயிர் செய்கிற வேலை இரண்டிலும் அதேதான். மேற்கொண்டு ஆடுதுறை நெல் ஆராய்ச்சிக்காரர்களைக் கேளுங்கள்.

பட்டுக்கோட்டை: இந்தியாவில் உண்டா?

உண்டு, லடாக்கில்.

தரங்கம்பாடி: கடல்மட்டம்...

மூன்றாவது ஆள். அடுத்தவர்!

மயிலாடுதுறை: கல்லூரி புராஜெக்டுக்கு இந்தத் தரவு கிடைக்குமா?

உலகத் தரைசார் பெர்மாஃப்ரோஸ்ட் வலையமைப்பின் தரவுகள் பொதுவில் இருக்கின்றன. முதலில் ஒரே ஒரு தளத்தை எடுங்கள், அங்கே தரை அமுங்கியதை அளந்தார்களா என்று பாருங்கள், அப்புறம் வரைபடம் போடலாம். தேதிப் பத்தியை விட்டுவிடாதீர்கள்.