அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் யார்? சிஸ்டம் ரிஸ்டோர் கேள்வி பதில்

வீட்டுக் கணினியில் சிஸ்டம் ரிஸ்டோர் முடங்கிப்போனவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். சிஸ்டம் ரிஸ்டோர் என்பது, ஏதாவது கெட்டுப்போனால் விண்டோஸை முன்பு நன்றாக இருந்த நிலைக்குக் கொண்டுபோகும் வசதி. அந்த நிலையைக் குறித்துவைப்பதுதான் ரிஸ்டோர் பாயின்ட். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. எதைத் தொடுவதற்கு முன்பும் உங்கள் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 48 இலக்க எண் அது. இதை இன்று பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகர்: அக்கா, சிஸ்டம் ரிஸ்டோரைத் திறந்தால் ‘உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் இதை முடக்கியிருக்கிறார்’ என்று வருகிறது. வீட்டில் கணினியைத் தொடுவது நான் ஒருவன்தான். யார் அந்த அட்மினிஸ்ட்ரேட்டர்?

ஆள் யாரும் இல்லை தம்பி. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் யாரோ எழுதிவிட்டுப் போன இரண்டு வரிதான் அது.

இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘இந்த டிரைவில் பாதுகாப்பை இயக்க வேண்டும்’ என்று மட்டும் வந்தால் அது சும்மா அணைந்து கிடக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரிஸ்டோர் பாயின்ட்’ என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் பொத்தானை அழுத்தி, டர்ன் ஆன் கொடுத்தால் முடிந்தது. உங்களுக்கு வருவது இரண்டாவது வகை. அதே ஜன்னலில் கான்ஃபிகர் பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், அழுத்தினாலும் அசையாது. அலுவலகங்களில் நூறு கணினிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த வைத்திருக்கும் பாலிசி என்ற ஏற்பாடு உங்கள் கணினியில் செயலில் இருக்கிறது என்று அர்த்தம்.

அது வீட்டுக்குள் எப்படி வந்தது? நான் பார்த்தவரை மூன்று வழி. முதலாவது, ‘விண்டோஸை வேகமாக்குகிறேன்’ என்று சொல்லும் ட்வீக் கருவிகள், வேண்டாத மென்பொருள்களை நீக்கும் டீப்ளோட் ஸ்கிரிப்டுகள். இரண்டாவது, எப்போதோ வந்துபோன வைரஸ். வைரஸ் போனாலும் அது எழுதியது போகாது. மூன்றாவது, ஏதோ நிறுவனம் கழித்துவிட்ட பழைய லேப்டாப். அடியில் ஒட்டியிருக்கும் அசெட் நம்பர் ஸ்டிக்கரைக்கூட சுரண்டாமல் விற்பார்கள், விண்டோஸை மட்டும் புதிதாகப் போட்டிருப்பார்களா?

எடுப்பது எளிது. ப்ரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், சிஸ்டம் ரிஸ்டோர் என்று உள்ளே போங்கள். அங்கே இருக்கும் இரண்டு அமைப்புகளையும் ‘நாட் கான்ஃபிகர்ட்’ ஆக்குங்கள். ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் கிடையாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, சிஸ்டம்ரிஸ்டோர் வரை போனால் டிசேபிள்எஸ்ஆர், டிசேபிள்கான்ஃபிக் என்ற பெயர்கள் தென்படும். முதலில் அந்தக் கீயை (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் போன்றது) எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, பிறகு இந்த இரண்டை மட்டும் அழியுங்கள். பக்கத்தில் இருக்கும் எதையும் தொடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் பொத்தான் உயிர்பெறும். அப்புறம் டர்ன் ஆன் கொடுத்து, டிஸ்கில் 5 முதல் 10 சதவீதம் ஒதுக்கி, கையோடு ஒரு பாயின்ட் உருவாக்கிவிடுங்கள்.

அழித்த வரி ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி முளைத்தால் யாரோ அதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், ‘அக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்’ போய்ப் பாருங்கள். முன்னாள் நிறுவனத்தின் கணக்கோ பிள்ளையின் கல்லூரிக் கணக்கோ அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் ஸ்டார்ட்டப்பில் ஓடும் ட்வீக் கருவி. அணைத்தது யார் என்று பார்க்காமல் மறுபடி போட்டு என்ன பயன்? நாளையே அணையும்.

திருச்சி, புது லேப்டாப்: கடையில் வாங்கும்போதே அணைந்திருந்தது. ஏமாற்றிவிட்டார்களா மேடம்?

இல்லை. பல புதுக் கணினிகளில் இது அணைந்தேதான் வருகிறது. நீங்களே இயக்கிக்கொள்ளுங்கள்.

ஈரோட்டு அப்பா: பையன் ஏதோ அழுத்தி ரிஸ்டோரை அணைத்துவிட்டான். நான் மறுபடி இயக்கினேன். பழைய பாயின்ட்கள் எங்கே?

போய்விட்டன. அணைத்த அந்த நொடியே அந்த டிரைவில் இருந்த பாயின்ட்கள் எல்லாம் அழிந்துவிடும், திரும்பக் கொண்டுவர வழியில்லை. பையனைத் திட்டாதீர்கள், இந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. தனிக் கணக்கு ஒன்று, ஸ்டாண்டர்ட் வகையில், போட்டுக் கொடுங்கள்.

குறிஞ்சி: இயங்குகிறது, இடமும் ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் போன தீபாவளிக்குப் போட்ட பாயின்ட் இப்போது இல்லை.

இருக்காது. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பில், 2025 ஜூன் மாத அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு பாயின்ட்டின் ஆயுள் அதிகபட்சம் 60 நாள். அதற்கு முன்னாலேயே ஒதுக்கிய இடம் நிரம்பினால் பழையது முதலில் போகும். பெரிய பதிப்பு மேம்படுத்தல் வந்தாலும் போகும். அப்புறம் அந்த ‘கிளீனர்’ மென்பொருள்கள். குப்பை என்று சொல்லி இதையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடும். வேண்டாம் அந்தக் கிளீனர்கள்.

நெல்லை: பவர்ஷெல்லில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், ரிஸ்டோர் பாயின்ட் போட்டேன். 1440 நிமிடத்துக்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று மறுக்கிறது.

நல்ல கேள்வி, இதைக் கவனிப்பவர்கள் குறைவு. 1440 நிமிடம் என்றால் ஒரு நாள். கட்டளை மூலமோ மென்பொருள் மூலமோ போடும்போது 24 மணி நேரத்துக்கு ஒன்றுதான் என்பது விண்டோஸ் 8 முதல் உள்ள விதி. சிஸ்டம் புரொடெக்ஷன் ஜன்னலில் கிரியேட் பொத்தானை அழுத்திப் போட்டால் இந்தத் தடை குறுக்கே வராது. ஸ்கிரிப்ட் எழுதியே தீருவேன் என்றால் ரெஜிஸ்ட்ரியில் சிஸ்டம்ரிஸ்டோர் கீயின் கீழ் ‘சிஸ்டம்ரிஸ்டோர்பாயின்ட்கிரியேஷன்ஃப்ரீக்வன்சி’ என்ற மதிப்பை 0 என்று வைக்க வேண்டும். இது பாலிசீஸுக்குக் கீழே உள்ள கீ அல்ல, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷனுக்குக் கீழே உள்ளது. இன்னொன்று: பவர்ஷெல் 7இல் இந்தக் கட்டளையே இல்லை. விண்டோஸோடு வரும் 5.1இல் ஓட்டுங்கள்.

சேலம் அம்மா: பேத்தி போட்டோக்கள் அழிந்துவிட்டன. ரிஸ்டோர் செய்தால் வருமா கண்ணு?

வராதும்மா. அது விண்டோஸின் கோப்புகள், டிரைவர், ரெஜிஸ்ட்ரி, மென்பொருள் இவற்றைத்தான் பின்னுக்குக் கொண்டுபோகும். போட்டோ, கடிதம் எதையும் தொடாது. ரீசைக்கிள் பின்னிலும் ஒன்டிரைவ் குப்பைத்தொட்டியிலும் பாருங்கள். அதுவரை அந்தக் கணினியில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள்.

மின்னல்: எஸ்எஸ்டி இருப்பவர்கள் ரிஸ்டோரை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் எஸ்எஸ்டி தேய்ந்து சீக்கிரம் செத்துவிடும் என்கிறார்களே. நீங்கள் எல்லோரையும் இயக்கச் சொல்வது தவறில்லையா?

தவறில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்தப் பயம் போய்விடும். பாயின்ட் போடும் நேரத்தில் டிஸ்க் முழுவதும் நகலெடுக்கப்படுவதில்லை. ஷேடோ காப்பி என்ற சேவை காவல் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு துண்டு மாறப் போகிறது என்றால், மாறுவதற்கு முன் பழைய துண்டை ஒதுக்கிய இடத்தில் எடுத்துவைக்கும். கல்வெட்டைச் செதுக்கி மாற்றுவதற்கு முன் ஒரு மைப்படி எடுத்து வைப்பது போல. அதே துண்டு பிறகு நூறு தடவை மாறினாலும், அடுத்த பாயின்ட் வரும்வரை படி ஒன்றுதான்.

கணக்கும் போட்டுவிடுவோம். சாம்சங்கின் 870 ஈவோ 500 ஜிபிக்கு நிறுவனம் உத்தரவாதம் தரும் எழுத்தளவு 300 டெராபைட். உங்கள் வீட்டில் எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 ஜிபி எழுதுகிறீர்கள் என்று வைத்தாலும் 7,500 நாள் ஆகும். 20 வருஷம். அதில் ரிஸ்டோரின் பங்கு கொசுறு.

மின்னல் (மறுபடியும்): என்னுடையது 120 ஜிபி, பெயர் தெரியாத கம்பெனி. அந்தக் கணக்கு எனக்கு எப்படிப் பொருந்தும்?

சரி, உங்கள் சிக்கல் தேய்மானம் இல்லை, இடம். 120 ஜிபியில் 10 சதவீதம் கொடுக்க மனம் வராதுதான். 3 சதவீதம் கொடுங்கள். ஒன்றிரண்டு பாயின்ட் நின்றால் போதும். முழுக்க அணைக்க அது காரணம் ஆகாது.

பழைய கணக்குப்பிள்ளை: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ரிஸ்டோர் என்பதே பொய்யான தைரியம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் முதலில் அழிப்பதே ஷேடோ காப்பியைத்தான். முழு டிஸ்க் இமேஜ் (டிஸ்கின் அப்படியே நகல்) எடுத்து வெளி ஹார்ட் டிஸ்கில் வைப்பவன்தான் பிழைப்பான். மக்களை ஏன் தவறான வழியில் விடுகிறீர்கள்?

ரேன்சம்வேர் பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. 2017இல் வந்த வான்னாக்ரை செய்ததும் அதுதான். ஷேடோ காப்பிகளை அழித்து, பூட் மீட்பையும் அணைத்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஆகவே ரிஸ்டோரை பேக்கப் என்று நினைப்பவர்களை நானும் திட்டுவேன்.

ஆனால் வீட்டில் தினமும் நடப்பது என்ன? கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆகி திரை கறுப்பாகிறது. பிரிண்டர் மென்பொருள் ஒன்றைப் போட்டதும் சத்தம் போகிறது. அதற்கு 500 ஜிபி இமேஜைத் திருப்பி ஊற்றி, போன வாரம் முதல் சேர்த்த கோப்புகளையும் இழக்கச் சொல்வீர்களா? ரிஸ்டோர் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் முடித்துவிடும், கோப்புகள் அப்படியே இருக்கும்.

பழைய கணக்குப்பிள்ளை: பாயின்ட்டுக்குள் வைரஸ் ஒளிந்திருந்தால்? ஆன்டிவைரஸ் கம்பெனிகளே ரிஸ்டோரை அணைக்கச் சொன்னார்களே!

சொன்னார்கள், பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில். உள்ளே கிடக்கும் வைரஸ் தானாக எழுந்து ஓடாது, நீங்கள் அந்தப் பாயின்ட்டுக்குத் திரும்பிப் போனால்தான் ஆபத்து. முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு பழைய பாயின்ட்களை அழித்துப் புதிதாக ஒன்று போடுங்கள். முன்னாலேயே அணைத்துவிட்டு, சுத்தம் செய்யும்போது விண்டோஸ் பூட் ஆகாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இமேஜ் எடுங்கள், நானும் எடுக்கிறேன். ஆனால் விண்டோஸுக்குள் இருக்கும் பழைய சிஸ்டம் இமேஜ் கருவியை நம்பி இருக்காதீர்கள். அதை 2017லேயே மைக்ரோசாஃப்ட் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்த வாதத்தை இத்தோடு நிறுத்துவோம், பின்னால் வரிசை நீளமாக நிற்கிறது.

தஞ்சை: அக்கா, அட்மினிஸ்ட்ரேட்டர் முடக்கிவிட்டார் என்று வருகிறது…

கோவை வாசகருக்குச் சொன்ன பதில்.

விழுப்புரம்: ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்தால் ரெகவரி என்விரான்மென்ட் கிடைக்கவில்லை என்கிறது. இதுவும் சிஸ்டம் ரிஸ்டோரா?

இது வேறு, ஆனால் பக்கத்து வீடு. விண்டோஸ் பூட் ஆகாதபோது நீல நிறத்தில் வரும் மீட்புத் திரை, விண்ஆர்இ என்பது, உங்களிடம் அணைந்திருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து ‘ரீஏஜென்ட்சி’ கட்டளையை சாய்கோடு இன்ஃபோவுடன் அடியுங்கள். டிசேபிள்ட் என்று வந்தால் அதே கட்டளையைச் சாய்கோடு எனேபிளுடன் அடியுங்கள். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

இமேஜ் கிடைக்கவில்லை என்று வந்தால் விண்ஆர்இ.விம் என்ற கோப்பே காணாமல் போயிருக்கிறது. சி டிரைவைப் பெரிதாக்க ஆசைப்பட்டு ‘பயனில்லாத சின்ன பார்ட்டிஷன்’ (டிஸ்கில் தனியாகப் பிரித்த பகுதி) ஒன்றை அழித்தீர்களா? அதுதான் இது. இல்லையென்றால் யாரோ ‘லைட்’ விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அவற்றில் மீட்பு வசதியையே வெட்டி எறிந்துவிடுவார்கள். உங்கள் பதிப்புக்கு ஏற்ற அசல் ஐஎஸ்ஓவை (விண்டோஸை நிறுவ உதவும் கோப்பு) மைக்ரோசாஃப்ட் தளத்தில் இறக்கி, அதன் இன்ஸ்டால்.விம்மைத் திறந்தால் விண்டோஸ், சிஸ்டம்32, ரெகவரி ஃபோல்டருக்குள் அந்தக் கோப்பு இருக்கும். உங்கள் சி டிரைவில் அதே ஃபோல்டரில் வைத்துவிட்டு மறுபடி எனேபிள் கொடுங்கள்.

பார்ட்டிஷன் சின்னதாக இருந்தாலும் தொல்லைதான். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட் எத்தனையோ வீடுகளில் ஏறாமல் அடம்பிடித்ததற்கு, ரெகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாததே காரணம்.

பார்ட்டிஷனில் கை வைப்பதற்கு முன் பிட்லாக்கர் சாவி. சொல்லிவிட்டேன்.

கடலூர்: மீட்புத் திரை வந்தது, ஆனால் கீபோர்டு, மவுஸ் இரண்டும் வேலை செய்யவில்லை. விண்டோஸுக்குள் நன்றாகத்தான் இருக்கின்றன.

விண்டோஸ் 11 தானே? 2025 அக்டோபர் மாத அப்டேட் செய்த கோளாறு அது. யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் மீட்புத் திரையில் மட்டும் செத்துப்போயின. அக்டோபர் 20 அன்று கேபி5070773 என்ற அவசரத் திருத்தம் விட்டார்கள். விண்டோஸ் திறக்கிறது என்றால் அப்டேட் செய்தால் போதும்.

நாமக்கல்: ரிஸ்டோர் பாதி ஓடி 0எக்ஸ்80070005 என்று நின்றுவிடுகிறது.

அனுமதி மறுக்கப்பட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கும். ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் வழியாக அங்கிருந்து ரிஸ்டோரை ஓட்டுங்கள். அங்கே ஆன்டிவைரஸ் விழித்திருக்காது. ஆனால் அங்கே பிட்லாக்கர் சாவி கேட்கலாம்.

மாயவரம்: அக்கா, அட்மினிஸ்ட்ரேட்டர்…

முதல் கேள்வி. மேலே.

ஆம்பூர்: நீங்கள் சொன்னபடி செய்தேன். 48 இலக்கச் சாவி கேட்கிறது. நான் பிட்லாக்கர் போடவே இல்லையே!

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டது. 24ஹெச்2 புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாக இயங்கிவிடும். சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அதே கணக்கைத் திறந்து, டிவைஸஸ் பகுதியில் பாருங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும் அங்கே இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். வீட்டில் வேறு யாருடைய கணக்கில் முதலில் உள்நுழைந்தீர்கள் என்றும் யோசியுங்கள், கணினியைப் பிரித்துத் தந்த கடைப் பையன் தன் கணக்கில் போட்டிருந்தால் அவரைத்தான் பிடிக்க வேண்டும். எந்தக் கணக்கிலும் சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை எடுக்க குறுக்கு வழி கிடையாது. எடுத்துத் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

காஞ்சி: போனில் வாட்ஸ்அப் சாட் அழிந்துவிட்டது…

இன்று விண்டோஸ் மட்டும்.

பொள்ளாச்சி: எல்லாம் இயக்கியாகிவிட்டது. ரெகவரி பென்டிரைவ் ஒன்று செய்து வைக்கலாமா? எவ்வளவு பெரியது வேண்டும்?

செய்யுங்கள், கேட்டதே சந்தோஷம். 32 ஜிபி வாங்குங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரெகவரி டிரைவ்’ என்று தேடித் திறந்து, சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கும் கட்டத்தில் டிக் வையுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே கல்யாண வீடியோ இருக்கும் டிரைவைச் செருகாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடலாம், பாதியில் பிடுங்க வேண்டாம். முடிந்ததும் ஒருமுறை அதிலிருந்து பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, பயாஸில் பூட் வரிசையை மாற்றியிருந்தால் பழையபடி வைத்துவிடுங்கள்.