வேப்பிலைச் சாற்றில் தயாரித்த வெள்ளி நானோ துகள் கிருமியைக் கொல்கிறது. இதை மருந்தாக்க எவ்வளவு காலம் ஆகும்?

இலைச்சாறு, நானோ துகள், ஆன்டிபயாட்டிக் என்று மூன்றையும் ஏற்றிய காகித வட்டுகளை, ஈகோலை பாக்டீரியா வளரும் தட்டில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். துகளுக்கு மூலப்பொருளான வெள்ளி நைட்ரேட்டை மட்டும் ஏற்றிய வட்டு எங்கே? முதுகலைத் திட்டக் கட்டுரைக்காகச் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அதை வைக்கச் சொல்லி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் முனைவர் பட்டத்திலும் இதே கூத்துதான், இலை மட்டும் குப்பைமேனி. நிறமற்ற நைட்ரேட் கரைசலில் சாற்றை ஊற்றினால் வெளிர்மஞ்சள் மெல்லப் பழுப்பாகி, கடைசியில் காபி டிகாக்ஷன் நிறத்தில் வந்து நிற்கும். எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலைமானியில் 420 நானோமீட்டர் அருகே மேடு எழும், வெள்ளித் துகள் உருவானதற்கு அது அடையாளம். என் நெறியாளர் அன்றைக்கே கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டார்.

நான் அடம்பிடித்து இரண்டு வட்டுகளைக் கூடுதலாக வைத்தேன். ஒன்றில் அதே அளவு வெள்ளி உள்ள நைட்ரேட். மற்றொன்றில், மையவிலக்கியில் சுழற்றித் துகளைப் படியவைத்த பிறகு மேலே நின்ற தெளிந்த நீர். மறுநாள் இன்குபேட்டரைத் திறந்து தட்டில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையங்களில் நைட்ரேட்டின் வளையம்தான் எல்லாவற்றிலும் பெரியது. தெளிந்த நீருக்கும் நல்ல வளையம். கழுவிய துகளைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். தட்டில் கிருமி வளரும் கூழான அகரில், நைட்ரேட்டில் கரைந்திருக்கும் வெள்ளி அயனி (மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணு) எளிதாகப் பரவும். துகள் இடத்தைவிட்டு நகரத் திணறும். குப்பைமேனிக்குப் போன பாராட்டு, வினைபுரியாமல் மிஞ்சிய நைட்ரேட்டுக்குச் சேரவேண்டியது. (மேலே நின்ற நீரில் நுண்துகள் மிதந்திருக்கும் என்று கிளம்புவீர்கள். அதையும் நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தேன். மேடே இல்லை.)

"அந்த ரெண்டு வட்டையும் படத்திலிருந்து எடுத்துடும்மா" என்றார் நெறியாளர். எடுக்கவில்லை. கட்டுரை தள்ளிப்போனது, பட்டமும் தள்ளிப்போனது. போகட்டும்.

இயற்கை மருத்துவத்தை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வேப்பிலையோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. பேச்சு வெள்ளியைப் பற்றியது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஆக்சிஜன் இல்லாத சூழலில் ஈகோலையோடு வெள்ளித் துகளை விட்டுப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். காற்று இல்லாவிட்டால் துகளிலிருந்து அயனி வெளியேறாது. கிருமியும் சாகவில்லை. ஆக, கொல்வது அயனி. அயனி போதுமென்றால், தீப்புண்ணுக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் 1968 முதல் இருக்கிறது. உங்கள் துகள் அதைவிட எந்த வகையில் மேல் என்று காட்டியாக வேண்டும்.

இப்போது மருந்து ஆலையொன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே எதைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, "அடுத்த பேட்சும் இப்படியே வருமா?" சித்திரை வெயிலில் பறித்த இலையும் ஐப்பசி மழையில் பறித்த இலையும் ஒரே சாற்றைத் தராது. சாறு மாறினால் துகளின் அளவு மாறும். அதைத் தாண்டினால் மனித செல்லுக்கு நஞ்சா என்ற சோதனை, பாக்டீரியாவின் நஞ்சான எண்டோடாக்சின் கலந்திருக்கிறதா என்ற சோதனை, விலங்குச் சோதனை, நெறிமுறைக் குழு, மருத்துவமனை ஆய்வின் மூன்று கட்டங்கள். நானோ மருந்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மருந்தைப் பொதியும் நுண்ணிய கொழுப்புக் குமிழியான லிப்போசோமை விவரித்த கட்டுரை 1965இல் வந்தது. அதில் பொதிந்த டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1995இல். உங்களுக்கு அவ்வளவு ஆகாது என்றே வைத்துக்கொண்டாலும், பத்தாண்டுக்குக் குறைவாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

காலத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் கைக்காசைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். உதவித்தொகையோ வரவே இல்லை. அலுவலகத்தில் கேட்டால், முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகவில்லையாம். முந்தைய தவணையே வரவில்லை, ஐயா, எதைப் பயன்படுத்திச் சான்றிதழ் தருவது என்றேன். அதை எழுத்துமூலம் விண்ணப்பமாகக் கொடுக்கச் சொன்னார்கள்.