கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பையனின் பத்தாம் வகுப்பு என்னாகும்?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 16 வயது. அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறான். தெருவில் நடந்த ஓர் அடிதடி வழக்கில் பிடித்துப்போய், மூன்று வாரமாகக் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு போய்விட்டது. பள்ளியில் "டிசியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அவனோ, "படிப்பு வேண்டாம் மாமா, இங்கேயே ஏதாவது தொழில் கத்துக்கிறேன்" என்கிறான். பொதுத்தேர்வு எழுத வழி உண்டா? நாளைக்கு வேலைக்குப் போனால் இந்த வழக்கு குறுக்கே வருமா?
— ஒரு தாய்மாமன், விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதல் காரியம், டிசியை வாங்காதீர்கள். எழுதி வைத்திருந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டாம். டிசி கொடுத்த மறுநிமிடம், பள்ளிக்கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடான எமிஸில் பையன் பெயர் அந்தப் பள்ளியை விட்டுக் கழன்று பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் எமிஸிலிருந்துதான் தயாராகிறது. அப்புறம் அவனை மறுபடி உள்ளே சேர்க்க நீங்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம். வழக்கு விசாரணையில்தான் இருக்கிறது, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் இன்னும் எந்த முடிவும் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். பையன் பெயர் தேர்வுப் பட்டியலில் இருக்கிறதா, அறிவியல் செய்முறைத் தேர்வு எந்தத் தேதியில் என்று ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். செய்முறைக்கு 25 மதிப்பெண். அது பொதுத்தேர்வுக்கு முன்பே நடந்துவிடும் என்பதால் பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்து குழுமம். அங்கே ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், ஒருவராவது பெண். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பெரியவர்கள் வழக்கில் ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றாலும் சிறாருக்கு ஜாமீன் கொடுப்பதே பொது விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதி கெடும் என்று குழுமம் கருதினால்தான் மறுக்கலாம். அப்படியிருக்க மூன்று வாரமாக ஏன் உள்ளே இருக்கிறான்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் 7 நாள் ஆகியிருந்தால், நிபந்தனையை மாற்றச் சொல்லிக் குழுமத்தின் முன் அவனைக் கொண்டுவர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். காசு கிடையாது.

சரி, தேர்வுக்குள் ஜாமீன் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 98-ஆவது பிரிவு இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான விடுப்பு பற்றியது. உறவினர் கல்யாணம், வீட்டில் சாவு, பெற்றோரின் கடும் நோய் என்று காரணங்களை அடுக்கும்போது அதில் 'தேர்வு' என்பதையும் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஒரு தடவைக்குப் பொதுவாக 7 நாள், போகவர ஆகும் நேரம் தனி. பொதுத்தேர்வு அதைவிட நீளும் என்பதால், தேர்வு அட்டவணையை இணைத்து, எந்தெந்த நாளுக்கு அனுமதி வேண்டும் என்று குறிப்பிட்டு மனுப் போடுங்கள். கூட வரும் போலீஸார் சாதாரண உடையில் வர வேண்டும் என்பதையும் அதிலேயே கேளுங்கள். தேர்வு மையத்தின் வாசலில் காக்கிச் சட்டையைப் பார்த்த பையன் கேள்வித்தாளைப் படிக்க மாட்டான்.

இதுவும் தவறிப்போனால் துணைத்தேர்வு இருக்கிறது. ஆண்டு ஒன்றும் வீணாகாது.

இப்போது பையன் சொல்வதற்கு வருகிறேன். தொழில் கற்க ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால் கூர்நோக்கு இல்லம் அதற்கான இடம் இல்லை. விசாரணை முடியும்வரை தங்கவைக்கும் இடம் அது. விசாரணைக்குச் சட்டம் தரும் அவகாசம் 4 மாதம், நீட்டித்தால் இன்னும் 2 மாதம். செங்கல்பட்டில் உள்ளது போன்ற சிறப்பு இல்லம் வேறு. தவறு செய்தான் என்று முடிவான பிறகு அதிகபட்சம் 3 ஆண்டு வரை அனுப்பப்படும் இடம் அது. அங்கே ஒரு தொழிலை ஒழுங்காகக் கற்க நேரமாவது இருக்கும்.

நான் நன்னடத்தை அலுவலராக, அதாவது பிள்ளையின் வீட்டுச் சூழலை விசாரித்துக் குழுமத்துக்கு அறிக்கை தருபவராக இருந்தபோது, ஓர் இல்லத்தில் தையல் கற்ற பையன் ஒருவனைப் பார்த்தேன். தலையணை உறை அழகாகத் தைப்பான், நேர்த்தையல் கோடு போட்ட மாதிரி இருக்கும். சட்டைக்குக் காலர் வைக்கக் கற்பதற்குள் ஜாமீன் வந்துவிட்டது. வெளியே தையல்கடையில் அவனுக்குக் கிடைத்தது காஜா எடுக்கிற வேலை. அவன் கையில் இருந்த சான்றிதழில் இல்லத்தின் முத்திரை இருந்தது. அதை அவன் யாரிடமும் காட்டவேயில்லை. பாதியில் நின்ற பயிற்சியும் காட்ட முடியாத சான்றிதழும் எதற்கு உதவும்?

அதனால் மருமகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: தொழில் வேண்டும் என்றால் பத்தாவதை முடி. ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் எல்லாம் பத்தாவது கேட்கும். அந்தச் சான்றிதழில் வழக்கின் வாடையே இருக்காது.

இதையெல்லாம் எழுத்தில் கொண்டுவர ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் 'தனிநபர் பராமரிப்புத் திட்டம்' என்று ஒன்று தயாரிக்க வேண்டும். கல்வி, திறன் பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் இல்லங்கள் தந்தாக வேண்டிய சேவைகள் என்று 53-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. ஆனால் "உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டால் பிள்ளைகள் "எதுன்னாலும் சரி சார்" என்பார்கள். 'தொழிற்பயிற்சி' என்று ஒரே சொல்லில் அந்தக் கட்டம் நிரம்பிவிடும். நீங்கள் நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, 'பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, பிறகு ஐடிஐ, இன்ன பிரிவு' என்று எழுதச் சொல்லுங்கள். குழுமம் நாளைக்கு உத்தரவு போடும்போது கையில் எடுக்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று.

வேலை பற்றிய பயம் நியாயமானது, ஆனால் அளவுக்கு மீறியது. 24-ஆவது பிரிவுப்படி, இந்தச் சட்டத்தின்கீழ் முடிந்த வழக்கால் ஒரு பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. 16 வயது நிரம்பியவர் கொடுங்குற்ற வழக்கில் குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவரைப்போல் விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானால் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. சாதாரண அடிதடி அதில் வராது. வழக்கு முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் அந்தப் பதிவை வெளியிடக் கூடாது என்கிறது 74-ஆவது பிரிவு. தெரு வாட்ஸ்அப் குழுவில் பையன் படத்தைப் போடுகிறவருக்கும் அதே பிரிவுதான்: 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறார் பருவத்து வழக்கைக் காட்டி மத்தியப் படை வேலையை மறுத்தது செல்லாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனாலும், 'உங்கள்மீது வழக்கு உண்டா?' என்று கேட்கும் விண்ணப்பம் வந்தால், தானாக எதையும் எழுதாமல் வக்கீலிடம் காட்டிவிட்டு நிரப்பட்டும்.

அடுத்த முறை பார்க்கப் போகும்போது முறுக்கு, பிஸ்கட்டோடு பாடப்புத்தகங்களையும் பழைய கேள்வித்தாள்களையும் எடுத்துப்போங்கள். கணக்கில் வடிவியல் வரைவதற்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. கூர்முனை இருப்பதால் காம்பஸை உள்ளே விட மாட்டார்கள். கண்காணிப்பாளரிடம் கேட்டு, அங்கே பாடம் எடுக்கும் ஆசிரியரின் மேசையில் ஒரு ஜியாமெட்ரி டப்பாவை வைத்துவிட்டு வாருங்கள். பையன் அவர் எதிரில் உட்கார்ந்து வரையட்டும்.