ஆறு லட்சம் கடன் வாங்கி நர்சிங் படிக்க வைக்கலாமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். புதுச்சேரி அருகே ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டணம். முழுத் தொகைக்கும் கல்விக் கடன் கிடைக்குமாம். “ஜிப்மரில் வேலை கிடைத்தால் ஒரே வருடத்தில் கடன் அடைந்துவிடும்” என்கிறார் அழைத்துப் போன தரகர். அரசு செவிலியர் பள்ளியில் மூன்றாண்டு டிப்ளமோ படிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. எது நல்லது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தரகர் சொன்ன சம்பளத்தில் பொய் இல்லை. ஜிப்மரில் நர்சிங் ஆபீசர் பணி ஏழாவது ஊதிய நிலையில் வருகிறது. தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய், படிகள் தனி. ஆனால் அந்த வேலையைத் தருவது கல்லூரி அல்ல, நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து எழுதும் போட்டித் தேர்வு. ஆறு லட்சம் கட்டிப் படித்தவருக்கும் அரசுக் கல்லூரியில் சில ஆயிரங்களில் படித்தவருக்கும் அங்கே ஒரே வினாத்தாள்தான். மாநில அரசுப் பணியையும் உடனடி வருமானமாகக் கணக்கில் சேர்க்க முடியாது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகச் சேர்ந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே, படிப்பு முடிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு தனியார் மருத்துவமனை தரக்கூடிய சம்பளத்தை வைத்துத்தான் கடனை எடைபோட வேண்டும். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் ஒன்றரை லட்சமாக வாங்கும் கடனுக்கு, படிப்புக் காலமான நான்கு ஆண்டும் அதற்குப் பிந்தைய தவணை கட்டத் தேவையில்லாத ஓராண்டுச் சலுகைக் காலமும் முடியும்போது தனிவட்டியே 2,10,000 ரூபாய் ஆகிவிடும். அசலோடு சேர்த்து 8,10,000. இதைப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 10,700 ரூபாய். பதினைந்து ஆண்டுகள் என்றால் 8,700, ஆனால் மொத்தமாகக் கட்டுவது பதினைந்தரை லட்சத்தைத் தாண்டும். கைக்கு 15,000 ரூபாய் வரும் ஒரு பெண்ணிடம் பத்தாண்டுத் தவணை போக மிஞ்சுவது 4,300 ரூபாய். விடுதி, சாப்பாடு, பேருந்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இரவுப் பணி முடித்து வரும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது.

தனியார் மருத்துவமனைச் சம்பளம் உயரக்கூடாதா என்று கேட்பீர்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. ஆனால் அது பரிந்துரைதான். எனவே நீங்களே இரண்டு மூன்று மருத்துவமனைகளின் நர்சிங் கண்காணிப்பாளரிடம் நேரில் போய், புதிதாகச் சேருபவருக்குப் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டு, நான் எடுத்த 15,000க்குப் பதிலாக அந்தத் தொகையை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கூடுதல் கட்டணம் எதை வாங்கித் தருகிறது என்றும் பாருங்கள். எந்தக் கல்லூரியில் படித்தாலும் கையில் கிடைப்பது அதே செவிலியர் பதிவுதான். வேலைக்கு எடுப்பவர்கள் பார்ப்பது அந்தப் பதிவையும், ஊசி போடவும் ஐ.சி.யூ.வில் நோயாளியைக் கவனிக்கவும் கை பழகியிருக்கிறதா என்பதையும். கை பழக வேண்டுமானால் கல்லூரியின் சொந்த மருத்துவமனையில் நோயாளிகள் இருக்க வேண்டும். பி.எஸ்சி. கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. சேர்க்கை அலுவலகத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பாமல், ஒரு சாதாரண வேலை நாளில் வார்டுக்குள் நடந்து, எத்தனை கட்டிலில் ஆள் படுத்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். வளாகத்துத் தோட்டமும் நீரூற்றும் தேர்வில் வராது.

வங்கி விஷயத்தில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லை. மூன்றாம் நபர் ஜாமீன் வேண்டுமா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்றால், அரசோ கட்டண நிர்ணயக் குழுவோ ஒப்புதல் அளித்த கட்டணத்தை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். மீதியைக் கைப்பணமாகக் கேட்டால் அதற்கு ரசீதும் வராது, கடனும் வராது, கடைசியில் நகையைத்தான் அடகு வைப்பீர்கள். அடுத்தது, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலமும் ஓராண்டும் சேர்ந்த வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம். கிடைத்தால் பத்தாண்டுத் தவணை 7,900க்கு இறங்கும். உங்கள் மகளின் இடத்துக்கு அது பொருந்துமா என்பதைத் தரகரிடம் கேட்காதீர்கள்; வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. இடம் கலந்தாய்வில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், அதை எடுங்கள். அது கிடைக்காமல், இந்த இரண்டுதான் வழி என்றால், நான் டிப்ளமோவைச் சொல்வேன். மூன்று ஆண்டில் கடனில்லாமல் பதிவு பெற்றுவிடுவாள். மாநிலத் தேர்வு வாரியத்தின் செவிலியர் பணிக்கு டிப்ளமோவும் தகுதிதான். எய்ம்ஸ் நடத்தும் தேர்வுக்கோ 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் கூடுதலாக வேண்டும்; அந்த இரண்டு ஆண்டும் சம்பளம் வாங்கும் ஆண்டுகள். பட்டம் வேண்டும் என்று பிறகு தோன்றினால் டிப்ளமோ முடித்தவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டு ஆண்டாக வேலை பார்க்கும் என் மகளை, சவூதிக்கு அனுப்பினால் கல்விக் கடன் தீர்ந்துவிடும் என்று ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தவிர, சவூதி உட்பட 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு சார்ந்த முகமைகள் வழியாக எடுக்கும் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2015இல் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்ற அரசு நிறுவனமே இந்த வேலையைச் செய்கிறது. அதன் அறிவிப்புகளைப் பாருங்கள். கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.