கவுன்சில் கையை விரிக்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கவுன்சில்கள் பட்ஜெட் போடும் காலம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களும் கூடிவிடும். லைப்ரரி, டே சென்டர், இளைஞர் மன்றம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எடுக்கும் மண்டபம் என்று எதைத் தொட்டாலும் எங்கள் குடும்பங்கள் அடிபடுகின்றன. கவுன்சில் நிதிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு குறையும்போது சட்டம் கட்டாயப்படுத்தாத சேவையில்தான் முதலில் கை வைப்பார்கள். உங்களுக்கு வேண்டிய சேவைக்குப் பின்னால் எந்தச் சட்டம் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால், யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

கேள்வி: வருஷா வருஷம் கவுன்சில் டாக்ஸ் ஏறுகிறது. தெரு கூட்டுவதோ குறைந்துகொண்டே போகிறது. காசெல்லாம் எங்கே போகிறது? (குரோய்டன் வாசகர்)

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கவுன்சிலுக்குப் பெரும்பாலும் மூன்று வழியில் பணம் வருகிறது: மத்திய அரசின் மானியம், கடைகளும் தொழில் நிறுவனங்களும் கட்டும் பிசினஸ் ரேட்ஸ், நீங்கள் வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ். 2010க்குப் பிறகு இதில் முதலாவது சரிந்தது. தேசியத் தணிக்கை அலுவலகம் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, 2010-11க்கும் 2017-18க்கும் இடையில் அரசு கொடுத்த நிதி, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், 49.1 சதவீதம் குறைந்தது. கவுன்சில் டாக்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் கவுன்சில்களின் செலவழிக்கும் சக்தி 28.6 சதவீதம் விழுந்துவிட்டது.

அதே காலத்தில் செலவு கூடியது. வயதானவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிப்பது, பெற்றோரோடு வாழ முடியாத பிள்ளைகளைக் காப்பது, வீடில்லாத குடும்பங்களைத் தற்காலிகமாகத் தங்கவைப்பது எல்லாம் சட்டப்படி செய்தே ஆகவேண்டியவை. பள்ளிக்கூடச் செலவை நீக்கிவிட்டுப் பார்த்தால், பராமரிப்புப் பொறுப்புள்ள ஒரு கவுன்சிலின் பட்ஜெட்டில் பாதிக்கும் மேல் முதியோர், சிறுவர் பராமரிப்புக்கே போகிறது. அதாவது, நீங்கள் கட்டும் வரியின் பெரும்பகுதி உங்கள் கண்ணில் படாத வீடுகளுக்குள் செலவாகிறது. பூங்கா, லைப்ரரி, தெரு கூட்டுவது போன்றவை மிச்சத்தில் நடக்கின்றன. தெருவைச் சுத்தமாக வைத்திருப்பதும் கடமைதான் என்றாலும், எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட்டுவது என்பதில் கவுன்சிலுக்கு நிறையவே இடம் உண்டு.

உங்கள் குரோய்டனில் இன்னொரு கதையும் இருக்கிறது. கவுன்சில் தானே தொடங்கிய 'பிரிக் பை பிரிக்' என்ற வீடு கட்டும் கம்பெனிக்கு ஏறத்தாழ 20 கோடி பவுண் கடன் கொடுத்தது. எதிர்பார்த்த லாபம் திரும்பி வரவில்லை. 2020 நவம்பர், டிசம்பர், பிறகு 2022 நவம்பர் என்று மூன்று தடவை செக்‌ஷன் 114 அறிவித்தல், அதாவது வருமானத்தை மிஞ்சிச் செலவு போகிறது என்ற எச்சரிக்கை, வந்தது. பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில்கள் பொதுவாக 4.99 சதவீதத்துக்கு மேல் வரி கூட்ட வேண்டுமென்றால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். குரோய்டனுக்கு 2023இல் அரசு தனி அனுமதி கொடுத்தது, வரி 15 சதவீதம் ஏறியது. எல்லாப் பழியையும் கவுன்சிலின் மேல் போடுகிறவர்கள் மானியக் கணக்கைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் அரசின் மேல் போடுகிறவர்கள் இந்தக் கடன் கணக்கைப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் சேர்த்து விலை கொடுத்தது நீங்கள்தான்.

இன்னொன்று, லண்டனில் உங்கள் பில்லின் ஒரு பகுதி பரோவுக்கு (உங்கள் பகுதிக் கவுன்சிலுக்கு) போவதில்லை. போலீஸ், தீயணைப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்காக மேயரின் நிர்வாகத்துக்குப் போகிறது. பில்லில் அதைத் தனியாகவே போட்டிருப்பார்கள், பாருங்கள்.

கேள்வி: செக்‌ஷன் 114 என்றால் கவுன்சில் திவாலாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? குப்பை எடுப்பார்களா? (பர்மிங்ஹாம்)

எடுப்பார்கள். கம்பெனி திவாலாவது போல ஒரு கவுன்சில் திவாலாக முடியாது. 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆவது பிரிவின்படி, வருமானத்தை மிஞ்சிச் செலவு போகிறது என்று தலைமை நிதி அதிகாரி விடும் எச்சரிக்கை அது. கவுன்சிலர்கள் 21 நாளுக்குள் கூடிப் பேச வேண்டும், அதுவரை கட்டாயமில்லாத புதுச் செலவு நிறுத்தப்படும். ஊழியர் சம்பளம், பராமரிப்பு எல்லாம் தொடரும். உங்கள் ஊரில் 2023 செப்டம்பரில் அது வந்ததற்கு, பெண் ஊழியர்களுக்குச் சமமான ஊதியம் கொடுக்காததால் சேர்ந்த பெரிய நிலுவையும், ஆரக்கிள் கணினி அமைப்பு சொதப்பியதும் முக்கியக் காரணங்கள். 2025இல் அங்கே குப்பை மலையாகக் குவிந்தது குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால். செக்‌ஷன் 114 வந்தவுடன் வண்டிகள் நின்றுவிட்டன என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் லைப்ரரியை மூடலாம், இல்லாவிட்டால் தொண்டர்களிடம் கொடுக்கலாம் என்கிறார்கள். தடுக்க முடியுமா? (வெம்ப்லி)

சில நேரம் முடியும். 1964ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம், முழுமையான, திறமையான நூலக சேவையைக் கொடுப்பது கவுன்சிலின் கடமை என்கிறது. ஆனால் அது காப்பாற்றுவது மொத்த சேவையை. உங்கள் தெருவில் இருக்கும் கட்டடத்துக்கு அது உத்தரவாதம் தராது.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பிரென்ட் கவுன்சில் 2011இல் 12 நூலகங்களில் 6ஐ மூடியபோது மக்கள் நீதிமன்றம் போனார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 1900இல் மார்க் ட்வைன் திறந்துவைத்த கென்சல் ரைஸ் லைப்ரரியும் அந்த ஆறில் ஒன்று. நார்தாம்ப்டன்ஷயரில் 36இல் 21 நூலகங்களை மூட எடுத்த முடிவையோ 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. மூடினால் சட்டம் கேட்கும் சேவை மிஞ்சுமா என்று யோசிக்காமல், பணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தார்கள். ஆகவே 'எங்கள் லைப்ரரியை விட்டுவிடுங்கள்' என்று எழுதுவதைவிட, 'இது போனால் வண்டி இல்லாத தாயும் நாலு வயதுப் பிள்ளையும் எந்த பஸ்ஸில் எந்த லைப்ரரிக்குப் போவார்கள்?' என்று கேட்டு எழுதுங்கள்.

இன்னொரு நுணுக்கம். மூடுவதற்கான அறிக்கையில் அவர்கள் காட்டுவது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் போனது, கம்ப்யூட்டர் எத்தனை மணிநேரம் பதிவானது என்ற எண்கள். எங்கள் ஆட்கள் பலர் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, ஜன்னலோரம் இருந்து வாசித்து, திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். புத்தகக் கணக்கில் அந்த வாசிப்பு வரவே வராது. கார்டில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தமிழ் அடுக்கு மெலிந்துபோவதற்கு 'யாரும் எடுப்பதில்லை' என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

தொண்டர்கள் நடத்துவதைப் பற்றி என் கருத்து: மூடுவதைவிட நல்லது, அவ்வளவுதான். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை விண்ணப்பத்தோடு தடுமாறி வருகிறவருக்குப் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதை ஓய்வுபெற்ற நல்ல மனிதர்களின் தலையில் கட்டுவது சரியில்லை.

கேள்வி: அம்மா கிழமைக்கு மூன்று நாள் போகும் டே சென்டரை மூடுகிறார்கள். அவருக்கு ஞாபகமறதி நோய். நான் வேலையை விட வேண்டியதுதானா? (ஹாரோ)

அவசரப்பட்டு விடாதீர்கள். டே சென்டர் என்ற கட்டடத்துக்குப் பாதுகாப்பு குறைவு. ஆனால் உங்கள் அம்மாவின் தேவைக்கு 2014ஆம் ஆண்டின் கேர் சட்டம் பாதுகாப்பு தருகிறது. தகுதியுள்ள தேவை என்று ஒருதடவை ஏற்றுக்கொண்டால், அதைப் பூர்த்திசெய்யும் வழியை கவுன்சில் மாற்றலாம், மலிவான வழியையும் தேடலாம். காசில்லை என்று தேவையையே அப்படியே விட்டுவிட முடியாது. மாற்றுவதற்கு முன் அவருடைய பராமரிப்புத் திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதை எழுத்தில் கேளுங்கள். கூடவே, பராமரிப்பவர் என்ற முறையில் உங்கள் தேவையை அளக்கும் மதிப்பீட்டையும் தனியாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டுக்கு சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வருவார். தேநீர், வடை எல்லாம் வரும். வீடு பளிச்சென்று இருக்கும். அம்மா நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருப்பார். 'குளிப்பதெல்லாம் எப்படி?' என்று கேட்டால், 'பிரச்சினை இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்' என்று மகள் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி படிவத்தில் ஏறிவிடும். குடும்பம் செய்யும் உதவியைக் கணக்கில் எடுக்காமல்தான் தேவையை முதலில் அளக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டலே சொல்கிறது. நீங்கள் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கு முந்தின ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: இரவில் எத்தனை தரம் எழும்பினார், அடுப்பை எரியவிட்டு மறந்தாரா, மாத்திரையை யார் கொடுத்தது, கழிவறைக்கு யார் கூட்டிப்போனது. கொப்பியின் நகலை சோஷியல் வொர்க்கர் கையில் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்குங்கள். பேரப்பிள்ளையை வைத்துப் பாட்டியின் கழிவறைப் பிரச்சினையைச் சொல்லவைக்க வேண்டாம்.

செலவு விஷயம்: அம்மாவின் சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் இங்கிலாந்தில் பொதுவாக முழுச் செலவும் அவருடையது. அம்மா சொந்த வீட்டிலேயே இருந்து பராமரிப்புப் பெறும்போது வீட்டின் மதிப்பு அந்தக் கணக்கில் வராது. சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் மதிப்பீடு இலவசம்தான். கவுன்சில் இழுத்தடித்தால் முதலில் அவர்களிடமே முறைப்பாடு, பிறகு முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி ஓம்பட்ஸ்மன். அதற்கும் கட்டணம் இல்லை, பொதுவாக 12 மாதத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: கணவருக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். கவுன்சில் டாக்ஸ் கட்ட முடியவில்லை. (ஈஸ்ட் ஹாம்)

இன்றே கவுன்சில் டாக்ஸ் குறைப்புத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். 2013 ஏப்ரல் வரை நாடு முழுக்க ஒரே விதி இருந்தது. பிறகு அரசு நிதியைக் குறைத்து, பொறுப்பைக் கவுன்சில்களிடம் தள்ளியது. ஓய்வூதிய வயதினருக்கு மட்டும் பழைய பாதுகாப்பு தொடர்கிறது. மற்றவர்களுக்கு ஊருக்கு ஊர் விதி வேறு. பக்கத்து பரோவில் இருக்கும் சிநேகிதி சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். திட்டத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் கஷ்டநிலைக் குறைப்பு என்று ஒன்று உண்டு. பிரிவு 13ஏ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். நினைவூட்டல் கடிதத்தைத் திறக்காமல் வைப்பது மட்டும் வேண்டாம். நீதிமன்றச் செலவும் தலையில் ஏறும்.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டப வாடகையை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள். (லூவிஷம்)

முதலில் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். அது கவுன்சிலின் கீழ் வராத அகாடமிப் பள்ளிக்கூடமாக இருந்தால் வாடகையைத் தீர்மானிப்பது அதன் டிரஸ்ட். கவுன்சிலரிடம் போய்ப் பயனில்லை, தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். கவுன்சில் மண்டபம் என்றால், பட்ஜெட் ஆவணங்களோடு கட்டணப் பட்டியல் ஒன்று வரும். அதில் சமூக அமைப்புகளுக்குச் சலுகை விலை இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்ததாக, அந்த மண்டபத்தையே விற்றுவிடும் அபாயம் இருந்தால், 2011ஆம் ஆண்டின் லோக்கலிஸம் சட்டப்படி அதை 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதியக் கேட்கலாம். பதிவு செய்யாத சங்கமாக இருந்தாலும், உள்ளூர் வாக்காளர் பட்டியலில் இருக்கும் 21 உறுப்பினர்கள் போதும். விற்பனையை அது நிரந்தரமாகத் தடுக்காது. காசு திரட்டி நீங்களும் விலை பேச அவகாசம் கிடைக்கும்.

கேள்வி: மகன் போன இளைஞர் மன்றம் மூடிவிட்டது. 14 வயது. பள்ளிக்கூடம் விட்டால் கடைத் தெருவில் நிற்கிறான். (குரோய்டன்)

உங்கள் பயம் வெறும் தாய்மனப் பயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டனில் 2010க்குப் பிறகு பத்தாண்டுக்குள் சுமார் 30 சதவீத இளைஞர் மன்றங்கள் மூடப்பட்டன. அதன் விளைவை ஐ.எஃப்.எஸ் ஆய்வு நிறுவனம் 2024இல் ஆராய்ந்து சொன்னது: பக்கத்து மன்றத்தை இழந்த பகுதிகளில் பிள்ளைகளின் ஜி.சி.எஸ்.இ (16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) பெறுபேறு இறங்கியது, குற்றத்தில் சிக்குவது 14 சதவீதம் கூடியது. மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுணுக்கும் சமூகத்துக்கு ஏறத்தாழ மூன்று பவுண் நட்டம் என்றும் கணக்கிட்டார்கள். எனக்கு இந்தச் சேவை வெட்டப்படுவதில்தான் எல்லாவற்றையும்விட வருத்தம் அதிகம். இளைஞர் சேவைக்கும் சட்டக் கடமை உண்டு, ஆனால் 'நடைமுறையில் இயலுமானவரை' என்ற வாசகத்தோடு. அந்த வாசகத்துக்குள் எவ்வளவையும் வெட்டலாம். இப்போதைக்கு லைப்ரரி ஹோம்வொர்க் கிளப், உள்ளூர் கிரிக்கெட் அணி, தமிழ் விளையாட்டுக் கழகம் எதுவானாலும் சேர்த்துவிடுங்கள். இந்த ஆய்வைக் குறிப்பிட்டு உங்கள் கவுன்சிலருக்கும் எழுதுங்கள்.

கேள்வி: கருத்துக்கேட்பு என்று படிவம் அனுப்புகிறார்கள். எல்லாம் முன்பே முடிவெடுத்ததுதானே? எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. (டோட்டனம்)

முன்பே முடிவெடுத்துவிட்டுக் கேட்டால் அது சட்டவிரோதம். முறையாகக் கேட்காவிட்டாலும் அப்படித்தான். உங்கள் ஹாரிங்கே கவுன்சிலே இதில் மாட்டியிருக்கிறது. கவுன்சில் டாக்ஸ் உதவியைக் குறைப்பது பற்றிக் கேட்டபோது, வேறு வழிகளும் உண்டு என்பதை மக்களுக்குச் சொல்லாமல் விட்டார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்துக்கேட்பு சட்டவிரோதம் என்றது. வழக்குப் போட்டது உதவி வெட்டப்பட்ட சாதாரண மக்கள்தான்.

நேரம்தான் முக்கியம். திட்டங்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வெளிவரும், ஜனவரியில் கருத்துக் கேட்பார்கள், பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச் தொடக்கத்தில் வாக்கெடுப்பு. மார்ச் 11க்குள் வரியை நிர்ணயித்தாக வேண்டும். ஏப்ரலில் கதவைப் பூட்டிய பிறகு வரும் கையெழுத்து மனுவுக்குப் பலம் குறைவு.

குடியுரிமை பற்றி: இலங்கையும் இந்தியாவும் காமன்வெல்த் நாடுகள். அந்தப் பாஸ்போர்ட்டோடு இங்கே இருக்க முறையான விசா வைத்திருக்கும் 18 வயது நிரம்பியவர், மாணவர் விசாவானாலும் வேலை விசாவானாலும், கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இது தெரியாமல் பத்து வருஷம் வீட்டில் இருந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை வைத்துக்கொண்டு இணையத்தில் வாக்காளராகப் பதியுங்கள், தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பாகவே. வாக்குச்சாவடியில் காட்ட உங்கள் இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போர்ட்டே போதும்.